கொடைக்கானலில் பிடிமண்

கீழக்கருப்பூர்,
8-8-1997

அன்புள்ள அண்ணனுக்கு,

சொர்ணம் எழுதுகிறேன். மதினிக்கு இளைப்பு எப்படி இருக்கிறது? பிள்ளைகள் சுகமா? என்னை மட்டும் சுகமா என்று கேட்டுவிடாதீர்கள்.

பழனிக்கும் கொடைக்கானலுக்கும் போன வேன் திரும்பி வந்தது. எல்லாரும் பஞ்சாமிர்த டப்பாவோடு இறங்கினார்கள். சத்யா "அப்பா எங்க?" என்று வேனுக்குள் ஏறி சீட்டு சீட்டாகப் பார்த்தாள். அவுக செருப்பையும் துண்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். சூசைடு பாயிண்டில் கம்பி ஓரம் கிடந்ததாம். நீங்களும் போலீசோடு நின்று தேடினீர்களாம், உடம்பு கிடைக்கவில்லையாம். உடம்பு கிடைக்காமல் நான் எப்படி நம்புவேன்?

முத்துவைப் பறிகொடுத்ததில் இருந்து அவுக அவுகளாக இல்லை. போன ஐப்பசியில் பிள்ளையைப் பாம்பு தீண்டியதும், ஆஸ்பத்திரிக்கு ரோட்டைச் சுற்றிப் போகாமல், கிட்டத்தில் போய்விடலாம் என்று மேகாட்டு வண்டிப்பாதையில் சைக்கிளை விட்டார்கள். மழை குடித்த கரிசலில் சக்கரம் சுற்றுமா? மட்கார்டுக்குள் மண் அப்பி நின்றுவிட்டது. தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சேறு காலை விடவில்லை. ரோட்டுக்கு வந்து சேரும்போது பிள்ளை அடங்கிவிட்டான். இதைப் பற்றி அவுகளிடம் நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் நோகும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். நாலு இடம் பார்த்தால் மனசு மாறும் என்று நான்தான் துணி எடுத்து வைத்து அனுப்பினேன்.

நீங்கள் அங்கே டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறீர்கள். பார்க்கிற இடம் அத்தனையும் உங்களுக்கு அத்துப்படி. ஒவ்வொரு இடமாகக் கேளுங்கள். அவுக உயிரோடு இருந்தால் எப்படியாவது கூட்டி வந்து விடுங்கள்.

தங்கச்சி,
சொர்ணத்தாய்

*

கொடைக்கானல்,
19-8-1997

பாசமுள்ள தங்கச்சிக்கு,

அண்ணன் சாமித்துரையின் ஆசிகள். உன் மதினிக்கு இளைப்பு குறையவில்லை, மழையும் விடவில்லை. சத்யாக்குட்டியை ரெண்டு பேரும் விசாரித்ததாகச் சொல்.

நீ சொல்வதற்கு முன்பே நான் ஆரம்பித்துவிட்டேன். என் வேனில் தினமும் ஒரு பார்ட்டி ஏறுகிறது. அவர்கள் இறங்கிப் போட்டோ எடுக்கிற நேரம் நான் மாப்பிள்ளை போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு அலைகிறேன். வெள்ளி அருவியில் பிளம்ஸ் விற்கிறவளிடம் கேட்டேன். பைன் காட்டில் ஐஸ்காரனிடம் கேட்டேன். தூண் பாறை கேட்டில் டிக்கெட் கிழிக்கிறவர், "பார்க்கிற முகம் எல்லாம் குல்லாவும் மப்ளருமா இருக்கு, யாரைன்னு சொல்ல"ன்னு கையை விரித்துவிட்டார். குறிஞ்சியாண்டவர் கோவில் வாசலில் படுத்திருப்பவர்கள் மூடியிருந்த போர்வையை விலக்கிக்கூடப் பார்த்தேன், திட்டு வாங்கினேன்.

சூசைடு பாயிண்டுக்கு நான் தினமும் போகிறேன். அங்கே நின்று எட்டிப் பார்த்தால் எனக்கே கால் கூசுகிறது. உனக்குப் பொய்யான நம்பிக்கை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. தேடுவதை மட்டும் விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. பிள்ளை முகத்தைப் பார்த்தாவது சாப்பிடு.

உன் அண்ணன்,
சாமித்துரை

*

கீழக்கருப்பூர்,
30-10-1997

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினி சுகமா? இங்கே மழை இறங்கிவிட்டது. உளுந்தும் கம்பும் விதைத்தாகிவிட்டது, கொழுந்தன் இசக்கிராஜாதான் எல்லாம் பார்க்கிறார்.

ஆகஸ்டுக்கு அப்புறம் உங்களிடம் இருந்து கடிதமே இல்லை. நான் போட்ட ரெண்டு இன்லேண்டு கிடைத்ததா? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டாலே ஓடிப்போய் நிற்கிறேன். "ஒனக்கு இல்லத்தா" என்று சொல்ல அவருக்கே வருத்தமாகிவிட்டது, இப்போது மணி அடிக்காமல் போகிறார்.

இங்கே பேச்சு முற்றிவிட்டது. கொழுந்தனுக்கு மாசியில் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். ஒரு துக்கத்தை முடிக்காமல் வீட்டில் மேளம் கொட்ட முடியாது என்று பெண் வீட்டில் சொல்லிவிட்டார்கள். தை அமாவாசையில் கருமாதி செய்து என் தாலியையும் வாங்கிவிடுவது என்று பேசி இருக்கிறார்கள். மாமியாரைக் குறை சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையை நினைத்து அவுக அழாத நாள் இல்லை. ஆனால் உயிரோடு இருக்கிற மனுசருக்கு எள்ளும் தண்ணியும் விட்டால் என்ன ஆகும்? அந்தப் பாவத்தை யார் சுமப்பது? எனக்குத் தலை வெடித்துவிடும் போல இருக்கிறது.

இருக்கிறார், இல்லை, ரெண்டில் ஒன்று எழுதுங்கள். தை அமாவாசைக்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

சொர்ணத்தாய்

*

கொடைக்கானல்,
16-11-1997

தங்கச்சி சொர்ணத்துக்கு,

எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். கடிதம் எழுதாததற்குக் கோபிக்காதே. சீசன் இல்லாவிட்டாலும் வண்டி ஓட்டம் இருக்கிறது. இங்கே குளிர் பிடித்துக்கொண்டது. காலையில் வேனைக் கிளப்ப அரை மணி ஆகிறது. மதினி எந்நேரமும் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறாள்.

நீ கேட்டதற்குப் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மனசைத் தேற்றிக்கொள். கருமாதியை மட்டும் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல். ஏன் என்று கேட்காதே, தள்ளிப்போடச் சொல்.

சத்யா பள்ளிக்கூடம் போகிறாளா? முன்பல் விழுந்து முளைத்துவிட்டதா? ராத்திரி பயந்து எழுந்திருக்கிற பழக்கம் விட்டுவிட்டதா? மேகாட்டு வண்டிப்பாதையை முள் வெட்டிப் போட்டு அடைத்தாயிற்றா? அவள் போட்டோ ஒன்று இருந்தால் அனுப்பு, சின்னதாக இருந்தாலும் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
சாமித்துரை

*

கீழக்கருப்பூர்,
24-11-1997

அண்ணனுக்கு,

எல்லா நலமும் பிறகு விசாரிக்கிறேன்.

அவுக உயிரோடு இருக்கிறார்கள். எங்கே இருக்கிறார்கள், சொல்லுங்கள்.

சத்யாவுக்குப் பல் விழுந்தது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று முதலில் யோசித்தேன். யாரும் சொல்லியிருக்கலாம் என்று விட்டேன். வண்டிப்பாதையை முள் போட்டு அடைக்கிற பேச்சு யார் சொன்னது? டூருக்குப் போவதற்கு முந்தின நாள், மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டே அவுக என்னிடம் சொன்னது அது. "அந்தப் பாதையை முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சிரணும்ட்டி, மழையில வேற எவனும் அங்கன போயிரக் கூடாது" என்றார்கள். முத்து போனபிறகு அந்தப் பாதையைப் பற்றி அவுக வாய் திறந்தது அன்றைக்கு ஒரே தடவைதான். நான் மாமியாரிடம்கூடச் சொல்லவில்லை.

அண்ணா, நீங்கள் பொய் சொல்லப் பழகாதவர். உங்களால் முழுசாக மறைக்க முடியவில்லை. அவுக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் சிரித்தேன், அப்புறம் தானியக் குழுமைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். ஏன் வரவில்லை? என்மேல் என்ன கோபம்? எழுதுங்கள். தபால்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், உங்கள் கடிதத்தை என் கையில் தவிர வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்.

சொர்ணம்

*

கொடைக்கானல்,
18-12-1997

என் தங்கச்சிக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உன் மதினிதான் "எழுதிப் போடுங்க, பொம்பளை மனசு பொம்பளைக்குத்தான் தெரியும்" என்று இன்லேண்டை எடுத்து நீட்டினாள்.

செப்டம்பர் கடைசியில் ஏரிக்கரையில் பார்த்தேன். அங்கே டூரிஸ்ட் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போவார்கள். ஒரு குதிரைக்கு லாடக்காலில் கல் சிக்கியிருந்தது. ஒருத்தர் உழவுமாட்டுக் காலைத் தூக்குகிற மாதிரி முழங்காலில் வைத்துக் கல்லை எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துத்தான் நின்றேன். மாப்பிள்ளை.

குதிக்கத்தான் போயிருக்கிறார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கம்பியைத் தாண்டியிருக்கிறார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பள்ளமே தெரியல மச்சான். பருத்திப் பொதியை அவிழ்த்துக் கொட்டுன மாதிரி ஒரே வெள்ளையா மேகம். எங்கன குதிக்கன்னு தெரியாம, விலகட்டும்னு நின்னேன். நிக்க நிக்கப் பயம் வந்துட்டு. வேனுக்குத் திரும்பிப் போகவும் வெக்கமா இருந்துச்சு." அப்படியே காட்டுக்குள் நடந்து போயிருக்கிறார், பிறகு ஏரிக்கரைக் குதிரைக்காரர்களிடம் கூலிக்குச் சேர்ந்துவிட்டார்.

கூப்பிட்டேன் சொர்ணம், காலில் விழாத குறையாகக் கூப்பிட்டேன். உன்னைப் பற்றிச் சொன்னேன். "அவ என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கணும் மச்சான். ஏம்யா அந்தப் பாதையில போனீருன்னு சண்டை பிடிச்சிருந்தா நான் அழுது தீத்திருப்பேன். அவ சோத்தைப் போட்டுட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிடுவா. அந்த வீட்டுல என்னால உக்கார முடியல" என்றார். ஊரில் யாருக்காவது தெரிந்து தேடி வந்தால், இந்தத் தடவை மேகம் இல்லாத நாளாகப் பார்த்துப் போய்விடுவேன் என்று என் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டார். சும்மா சொல்கிறவர் முகம் இல்லை அது. அதனால்தான் வாய் செத்துக் கிடந்தேன்.

இப்போது சத்தியத்தை மீறிவிட்டேன். யாரிடமும் சொல்லாதே. என் பிள்ளை தலையும் அவர் உயிரும் உன் வாயில் இருக்கிறது.

சாமித்துரை

*

கீழக்கருப்பூர்,
28-12-1997

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினி காலைத் தொட்டுக் கும்பிட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒன்றும் வராது, நான் இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறேன்.

நான் கேட்காமல் இருந்ததா குற்றம்? கேட்டிருந்தால் கேட்டது குற்றமாகி இருக்காதா? இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்.

இங்கே ஒரு புதுச் சங்கடம். உடம்பு இல்லாமல் கருமாதி செய்வதாக இருந்தால், செத்த இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து வந்து அதை வைத்துத்தான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உயிர் அந்த மலையிலேயே அலையும் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பெத்தவ கையால்தான் எடுக்கணும் என்று மாமியார் பிடிவாதம். அவுகளுக்கு முழங்கால் மடங்காது, கண்ணில் புரை வேறு. பொங்கல் கழிந்த சனிக்கிழமை நான், மாமியார், சத்யா மூன்று பேரும் பஸ்ஸில் வருகிறோம். கொழுந்தனுக்குக் கல்யாண வேலை, வரவில்லை.

நான் மறுக்கவில்லை அண்ணா. இதைவிட்டால் எனக்கு அவுகளைப் பார்க்க வேறு வழி இல்லை. மாமியாருக்குச் சுற்றிப் பார்க்க ஆசை என்று சொல்லி எங்களை ஏரிக்கரைக்கும் கொண்டுபோங்கள். அவுகளிடம் முன்கூட்டிச் சொல்லாதீர்கள், ஓடிவிடுவார்கள். சத்யா முகத்தைப் பார்த்தபிறகும் ஓடுவார்களா, பார்ப்போம்.

சொர்ணத்தாய்

*

கொடைக்கானல்,
5-1-1998

தங்கச்சிக்கு,

உன் மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல். சத்யாவுக்கு ஸ்வெட்டர் இங்கே இருக்கிறது, என் மகளுடையது.

உன் மாமியாருக்கு நீ வாசித்துக் காட்டுவதற்காக இதை எழுதுகிறேன். அத்தை, நீங்கள் படியேற வேண்டாம், நடக்க வேண்டாம். வயசான பார்ட்டிகளுக்கென்றே எனக்கு ஒரு ரூட்டு இருக்கிறது. வெள்ளி அருவி ரோட்டோரமே விழுகிறது, வேன் ஜன்னலில் இருந்தே பார்க்கலாம். மேல் ஏரிக்காட்சியில் நாலு எட்டு வைத்தால் ஏரி முழுசும் கீழே தெரியும். பைன் காட்டில் பேத்தி ஓடட்டும், நீங்கள் வண்டியிலேயே வெயில் காயலாம். தூண் பாறையில் உட்காரப் பெஞ்சு உண்டு. மேகம் விலகினால் பாறை, விலகாவிட்டால் வேகவைத்த மக்காச்சோளம். கோக்கர்ஸ் வாக் வேண்டாம், அது கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு. நீங்கள் போக வேண்டிய இடத்துக்கு ரோட்டில் இருந்து கடை வரிசை வழியாகக் கொஞ்சம் நடக்க வேண்டும், நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன். கடைசியில் ஏரிக்கரை.

இனி உனக்கு மட்டும். இதே ரூட்டைப் பத்து வருசமாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன் சொர்ணம். இன்றைக்கு எழுதும்போது பேனா நகர மாட்டேன் என்கிறது. நாம் செய்வது சரிதானா என்று எனக்குத் தெரியவில்லை. வாருங்கள்.

சாமித்துரை

*

கீழக்கருப்பூர்,
21-1-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். மதினி கொடுத்துவிட்ட தைலத்தை மாமியார் முழங்காலுக்குத் தேய்க்கிறார்கள், நன்றாகக் கேட்கிறதாம்.

நீங்கள் கூடவேதான் இருந்தீர்கள். ஆனாலும் ஏரிக்கரையில் உங்களை வேனை எடுக்கச் சொல்லி போலீஸ்காரர் விரட்டிவிட்டார், அங்கே நடந்தது உங்களுக்குத் தெரியாது. பஸ் ஏறும்போது மாமியார் பக்கத்தில் இருந்ததால் சொல்லவும் முடியவில்லை.

சூசைடு பாயிண்டில் மாமியார் மடங்காத முழங்காலை மடக்கி மண்டியிட்டு மண் எடுத்ததைப் பார்த்தீர்களே. "இது என்னம்மா, செவப்பா இருக்கு, நம்ம மண்ணு மாதிரியே இல்லையே, இதுலயா எம்புள்ள கெடக்கான்" என்று அழுதபோது என் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். அந்த மண்ணை முந்தியில் முடிந்துகொண்டுதான் ஏரிக்கரைக்கு வந்தார்கள்.

அவுகளை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இளைத்துவிட்டார்கள். கண் மட்டும் தெரியக் குரங்குக் குல்லா, வாயை மூடி மப்ளர். அவுகளும் என்னைப் பார்த்தார்கள். ஓடவில்லை. குதிரைக் கயிறைப் பிடித்தபடி அப்படியே நின்றார்கள். நான் சத்யாவைக் கூட்டிக்கொண்டு நேரே போய், "பிள்ளையை ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க" என்றேன். முத்து போனபிறகு நான் அவுக கண்ணைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல். தூக்கிக் குதிரையில் வைத்தார்கள். மாமியாருக்குக் கண் தெரியவில்லை. "பாத்துப் பிடிங்கய்யா, தகப்பன் இல்லாத புள்ள" என்றார்கள். பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவுக தலையை மட்டும் ஆட்டினார்கள்.

அவுக திரும்பி வருகிறவரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது. இறக்கிவிட்டதும் ஏதாவது சொல்வார்கள் என்று நின்றேன். சத்யா கன்னத்தைத் தொட்டுவிட்டுக் குதிரையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ்ஸில் சத்யா சொன்னாள். "அந்தக் குதிரைக்கார மாமா மப்ளருக்குள்ள இருந்து குசுகுசுன்னு எம்பேரைக் கேட்டாரும்மா. தம்பி இருக்கானான்னு கேட்டாரு. செத்துப்போயிட்டான்னேன். அப்பான்னு கேட்டாரு. அப்பாவும் செத்துட்டாருன்னேன். குதிரையை நிறுத்திட்டாரு. பெறகு, அப்பா மேல கோவமான்னு கேட்டாரு. செத்தவங்க மேல எப்படிக் கோவப்பட முடியும்னேன்."

நான் ஊட்டி வளர்த்த பிள்ளை இப்படிச் சொல்லியிருக்கிறது. அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம். ஒரே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். நான் சண்டை போடுகிறேன், அவுக கேட்டபடியே போடுகிறேன், ஏன் அந்தப் பாதையில போனீரு என்று சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன். வரச் சொல்லுங்கள்.

சொர்ணம்

*

கொடைக்கானல்,
24-1-1998

சொர்ணத்துக்கு,

கடிதம் கிடைத்ததும் வேனைப் போட்டுவிட்டு ஏரிக்கரைக்குப் போனேன். உன் கடிதத்தையே அவருக்கு வாசித்துக் காட்டினேன். சட்டையைப் பிடித்துக் கேட்கிறேன் என்று நீ எழுதியிருந்த இடத்தில் சிரித்தார். கண்ணில் தண்ணியும் வந்தது.

"நேரம் போயிட்டு மச்சான். புள்ள சொன்னதுதான் சரி. அது மனசுல நான் செத்து அடங்கிட்டேன், கோவம்கூட இல்ல. இப்ப போய் நின்னா, தம்பியைக் கொன்ன அப்பன்னு இனிமேத்தான் தெரிஞ்சுக்கிடும். வேண்டாம். ஆளைக் கூட்டிட்டு வந்தீங்கன்னா பழைய இடத்துக்கே போயிருவேன்." அவ்வளவுதான் பேசினார். ஒரு பார்ட்டி வந்தது, குதிரையைக் கொண்டுபோய்விட்டார்.

கட்டி இழுத்துக்கொண்டு வரட்டுமா? நீ ஒரு வார்த்தை எழுது, வருகிறேன். ஆனால் வருகிற வழியெல்லாம் பள்ளம்தான் தங்கச்சி. எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மதினி சாப்பிடாமல் படுத்திருக்கிறாள்.

அண்ணன்

*

கீழக்கருப்பூர்,
31-1-1998

அன்புள்ள அண்ணனுக்கு,

மதினியைச் சாப்பிடச் சொல்லுங்கள். எல்லாம் முடிந்துவிட்டது.

அமாவாசை அன்று ஊருணிக் கரையில் வைத்துச் செய்தார்கள். அந்தச் சிவப்பு மண்ணை வாழை இலையில் ஆள் மாதிரி பிடித்து வைத்தார்கள். கொழுந்தன் கொள்ளி வைத்தார். மாமியார் மயங்கி விழுந்தார்கள். பெண்டுகள் என்னைச் சுற்றி உட்கார்ந்து தாலியைக் கழற்றிப் பால்சொம்பில் போட்டார்கள். என் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணி வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று ஊரில் பேசுகிறார்கள், பேசட்டும்.

கடைசி நிமிசம்வரை எழுந்து கத்திவிடலாமா என்றுதான் இருந்தது. கத்தியிருந்தால் தாலி தப்பியிருக்கும். கொழுந்தனும் நாலு பேரும் அன்றைக்கே வண்டி பிடித்து அங்கே வந்திருப்பார்கள். அவுக சொன்னதைச் செய்துவிடுவார்கள், எனக்குத் தெரியும். புருசன் ஆயுசுக்கு என்றுதான் எல்லாரும் தாலியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நான் என் புருசன் ஆயுசுக்காக அதைக் கழற்றிக் கொடுத்தேன். இதை உங்களைத் தவிர ஒரு ஜீவனிடமும் சொல்ல முடியாது.

அவுகளிடம் கருமாதி நடந்துவிட்டது என்று சொல்லிவிடுங்கள். இனி யாரும் தேடி வர மாட்டார்கள், பயப்படாமல் இருக்கச் சொல்லுங்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லுங்கள். கேட்காவிட்டால் நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

அவுக உயிரோடு இருக்கிறார்கள், அது போதும் என்று நான் எழுதினால் உங்கள் மனசு ஆறும். போதாது அண்ணா. எனக்குப் போதவே போதாது. ஆனாலும் அவுக இருக்கட்டும்.

தங்கச்சி,
சொர்ணத்தாய்